வண்டி ராத்திரி எங்கே நிற்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பாண்டி கோயிலில் பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மாலை வாடுவதற்குள் என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "அண்ணே, நல்ல அலாரமா ஒண்ணு மாட்டிவிடுங்க" என்பார்கள். மதுரையில் நான் கார் வயரிங் வேலைக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒரு நாளும் உடனே கம்பெனி பெயர் சொன்னதில்லை. "வண்டி ராத்திரி எங்கே நிக்கும் தம்பி?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். சிம்மக்கல் பக்கம் சந்துக்குள் நிற்கிற வண்டிக்கும், மேலூர்ப் பக்கம் தோப்பு வீட்டு முற்றத்தில் நிற்கிற வண்டிக்கும் ஒரே பூட்டுப் பொருந்தாது.

அதற்கு முன்னால், புது வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாவியைப் போட்டுத் திருப்பும்போது மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று எரிந்து அணையும், பார்த்திருப்பீர்கள். அது இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்புக் கருவியின் அடையாளம். உங்கள் சாவியின் தலைப்பகுதிக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு செம்புக்கம்பிச் சுருள் இருக்கும். அந்தச் சுருள்தான் சிப்பை உசுப்பிவிட்டு, "உன் எண் என்ன?" என்று கேட்கிறது. சிப் சொல்கிற எண் சரியாக இருந்தால்தான் இன்ஜினுக்கு மூளையாக இருக்கிற இ.சி.யூ. பெட்ரோலை விடும். தெருவோரத்தில் சாவி வெட்டுகிறவரிடம் அச்சு அசலாக இன்னொரு சாவி வெட்டி வாங்கினாலும் அது திரும்பும், கதவைத் திறக்கும், இன்ஜினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டரும் ஓடலாம். வண்டி மட்டும் உயிர் பிடிக்காது. பழைய காலம்போல் இரண்டு வயரை உரசி ஸ்டார்ட் செய்துகொண்டு போகிற கதையெல்லாம் இந்த வண்டிகளில் நடக்காது.

அப்படியானால் அலாரம் எதற்கு? இம்மொபிலைசர் ஊமை. கண்ணாடியை உடைத்து பையை எடுக்கிறவனை அது ஒன்றும் செய்யாது. சத்தம் போடுவதற்கு வேறு ஆள் வேண்டும். பல வண்டிகளில் அந்த ஆளும் கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறார். சில வண்டிகளில் கதவைத் திறந்தால் மட்டும் கத்தும், கண்ணாடியைத் தட்டினால் கத்தாது. ஷோரூம் பில்லில் 'செக்யூரிட்டி சிஸ்டம்' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், "இதில் சைரன் தனியாக இருக்கிறதா, ஷாக் சென்சார் உண்டா, பானெட்டைத் தூக்கினால் கத்துமா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். வெறும் ரிமோட்டையும் சென்ட்ரல் லாக்கையும் கொடுத்துவிட்டு, திருட்டுத் தடுப்பு என்று சொல்லி விற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஷாக் சென்சார் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிர்வை உணர்கிற சின்னப் பெட்டி அது. அதில் ஒரு திருகு இருக்கும், ஒரு பக்கம் திருப்பினால் கூர்மை கூடும், மறுபக்கம் திருப்பினால் குறையும். மாட்டுகிற பையன் கடையில் நிறுத்திவைத்து, விரலால் தட்டி, "பாருங்க சார், எப்படிக் கத்துது!" என்று காட்டி அனுப்பிவிடுவான். சித்திரைத் திருவிழா வரட்டும். எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளம் பக்கம் நிறுத்தியிருக்கிற வண்டிகளைப் பாருங்கள். ஒரு வேட்டு வெடித்தால் பத்து வண்டி சேர்ந்து கத்தும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டு வாசலிலும் இதே கதைதான். பூனை குதித்தால் கத்தும், தண்ணி லாரி போனால் கத்தும். "புலி வருது, புலி வருது" என்று ஒரு வாரம் கத்தினால், எட்டாவது நாள் நிஜமாகவே கண்ணாடி உடையும்போது பக்கத்து வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். அதனால் வண்டி வழக்கமாக நிற்கிற இடத்தில் வைத்தே அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். உள்ளங்கையால் கதவுத் தூணில் ஓங்கி அடித்தால் கத்த வேண்டும். பஸ் கடந்து போனால் கத்தக் கூடாது. அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்காதவரிடம் அலாரம் மாட்டாதீர்கள்.

இனி நான் சொல்வதற்காகத்தான் உங்களோடு பேச வந்த இந்த அழைப்பை ஒப்புக்கொண்டேன்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்துக்கு அலாரம் மாட்டிக் கொடுத்தேன். திருடன் கையில் வண்டி கிளம்பவே கூடாது என்று வண்டிக்காரர் கேட்டதால், பெட்ரோல் பம்புக்குப் போகிற வயரை வெட்டி நடுவில் ரிலே, அதாவது கரண்டில் இயங்குகிற ஒரு சுவிட்ச், வைத்தேன். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தோம். வயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. வெயிலும் அதிர்வும் சேர்ந்து நாலு மாதத்தில் அந்த முறுக்கு தளர்ந்துவிட்டது. அவர்கள் திருச்சிக்குப் போகும்போது, கொட்டாம்பட்டி தாண்டி, இரவு பத்து மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே செத்துவிட்டது. பின்னால் லாரி. உள்ளே கைக்குழந்தை. லாரிக்காரர் பிரேக் அடித்து விலகியதால் ஒன்றும் ஆகவில்லை. நான் பைக்கில் போய் அந்த வயரைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து பெட்ரோல் லைனிலோ இக்னிஷன் லைனிலோ கை வைப்பதை நிறுத்திவிட்டேன். வண்டி கிளம்பாதபடி வயரில் கட் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஸ்டார்ட்டர் லைனில் மட்டும்தான். ஸ்டார்ட்டர் ஒரு முறை சுற்றி முடித்ததும் அதன் வேலை தீர்ந்தது. அங்கே இணைப்பு கெட்டால் வண்டி வீட்டு வாசலில் கிளம்பாது, அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் நடுவழியில் நிற்காது. இப்போது வருகிற பல ஜி.பி.எஸ். கருவிகளில் செல்போனிலிருந்தே இன்ஜினை அணைக்கிற வசதி தருகிறார்கள். ஓடுகிற வண்டி அணைந்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக் மிதியும் கல்லாக இறுகும். திருடன் மட்டும் அல்ல, ரோட்டில் எதிரே வருகிறவரும் சாகலாம். அந்த வசதி வேண்டாம் என்று சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள்.

வயரை வெட்டாமல் மாட்டுகிற வழி இப்போது இருக்கிறது. பல மாடல்களுக்கு அந்தந்த வண்டிக்கென்றே கப்ளர், அதாவது வயர்களை இணைக்கிற சொருகு முனை, வருகிறது. பிடுங்கிச் சொருகினால் போதும், கழற்றினால் பழையபடி ஆகிவிடும். வெட்டி ஒட்டின வயரை சர்வீஸில் பார்த்தால், எலக்ட்ரிக்கல் வாரண்டியைத் தர மறுக்கலாம். லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய வண்டியில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக அந்த வாரண்டியை இழக்காதீர்கள். எலி இருக்கிற வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். திறந்து கிடக்கிற வயரைத்தான் அது முதலில் கடிக்கும். குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

பேட்டரியையும் மறக்காதீர்கள். நிற்கிற வண்டியிலும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அலாரம், ஜி.பி.எஸ்., டாஷ் கேமரா எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு மாதத்துக்குள் முழுக்கக் காலி. பாதி இறங்கினாலே ஸ்டார்ட் ஆவது சந்தேகம், அதற்கு இரண்டு வாரம் போதும். மகன் வெளிநாட்டில், அப்பா உறை போட்டு மூடிவைத்திருக்கிற வண்டிகள் இப்படித்தான் என் பட்டறைக்கு வருகின்றன. மாட்டி முடித்ததும் மீட்டர் வைத்து, எத்தனை மில்லி ஆம்பியர் என்று காட்டச் சொல்லி வாங்குங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். தெருவில் நிற்கிற வண்டிக்கு என் யோசனை, கியரை நகரவிடாமல் பூட்டுகிற கியர் லாக். இரும்புப் பூட்டு, கரண்டும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பளிச்சென்று தெரிவது அதற்கு இன்னொரு பலம். அறுத்து எடுக்க நேரமும் சத்தமும் ஆகும் என்று திருடனுக்குத் தெரியும். அதோடு நன்றாகச் சரிசெய்த அலாரம். காவலாளி இருக்கிற அடுக்குமாடியில் கம்பெனி கொடுத்ததே பெரும்பாலும் போதும். ஊருக்கு வெளியே, கத்தினால் கேட்க ஆள் இல்லாத தோப்பு வீட்டில் சைரனால் என்ன பயன்? அங்கே கியர் லாக்கும் ஜி.பி.எஸ்.ஸும்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கருவி சொருகிப் பழுது பார்க்கிற ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகுகிற ஜி.பி.எஸ். வேண்டாம், திருடன் கை வைத்த உடனே பிடுங்கி எறிந்துவிடுவான். உள்ளே மறைத்து வைப்பதை வாங்குங்கள். அதற்குள் சிம் இருக்கிறது, வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். முதல் வருடம் முடிந்ததும் கட்ட மறந்து, வெறும் பெட்டியைச் சுமந்து திரிகிற வண்டிகள் ஏராளம். வண்டி தொலைந்து, செல்போனில் இடம் தெரிந்தால், நீங்களாகத் துரத்திப் போகாதீர்கள். 112-க்கு அடித்து அந்த இடத்தைச் சொல்லுங்கள்.

பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்கிற வண்டிக்காரர்கள் சாவியை வாசலை ஒட்டின ஆணியில் மாட்டாதீர்கள். ஒருவன் வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடும், இன்னொருவன் வண்டிப் பக்கத்தில் ஒரு பெட்டியோடும் நின்றால், சாவியின் சிக்னலை எட்டவைத்து வண்டியைக் கிளப்பிவிட முடியும். மூடி இறுகிய தகர டப்பாவுக்குள் சாவியைப் போட்டு, டப்பாவோடு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கதவு திறந்தால் அந்த டப்பா உதவாது, வேறு டப்பா பாருங்கள்.

கடைசியாகக் காப்பீடு. வண்டிகளைச் சோதித்துச் சான்று தருகிற, புனேயில் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற கருவியை மாட்டி, ஆட்டோமொபைல் அசோசியேஷன் சான்றும் வாங்கினால், பழைய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிப்படி, நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய், குறைத்தார்கள்; இப்போது எவ்வளவு என்று உங்கள் காப்பீட்டுக் கம்பெனியிடம் கேளுங்கள். தொகை சின்னதுதான், ஆனால் ஒப்புதல் பெற்றதா என்று கேட்பதற்கு அது ஒரு காரணம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. வண்டி திருடுபோனால் எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி. புக் இவற்றோடு கம்பெனி கொடுத்த இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று டிரைவரிடம், ஒன்று எங்கேயோ என்றால் அங்கேயே சிக்கல் தொடங்கும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த இரண்டாவது சாவியை எடுத்து வண்டியில் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால், வண்டிப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவுக்குள் வையுங்கள். வணக்கம்.