சுவரில் மீன் தொட்டி: கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே அரை இன்ச்

[காட்சி: கூடத்துச் சுவர். தேக்குச் சட்டத்துக்குள் தண்ணீர் மின்னுகிறது. பெரிய ஆஸ்கர் மீன் ஒன்று முன்னால் வந்து நிற்கிறது.]

வணக்கம். இது எங்கள் வீட்டுக் கூடம், அம்பத்தூரில். படம் மாட்டியது போலச் சுவரில் தெரிகிறதே, அது 4 அடி நீளத் தொட்டி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சுவரை உடைச்சு உள்ளே வெச்சீங்களா?" சுவரை உடைத்தது உண்மை. ஆனால் தொட்டி சுவருக்குள் இல்லை. அதைத்தான் இன்றைக்குக் காட்டப் போகிறேன்.

[காட்சி: ஒரு கை சட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது. டக்கென்ற ஓசையோடு சட்டம் முழுசாக வந்துவிடுகிறது.]

சட்டம் வந்துவிட்டது. ஆணி இல்லை, திருகு இல்லை, பசை இல்லை. இப்போது சுவரில் ஒரு ஜன்னல் அளவு ஓட்டை தெரிகிறது. அதற்குப் பின்னால் தொட்டி. கேமராவை இப்படி ஓரமாகக் கொண்டுபோகிறேன், பாருங்கள். இங்கே சுவர் முடிகிறது. அங்கே கண்ணாடி தொடங்குகிறது. நடுவில் என் சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, அரை இன்ச். தொட்டி முழுக்கப் பின்னாலிருக்கும் ஸ்டோர் ரூமில், தன் சொந்தக் காலில் நிற்கிறது. சுவர் அதைத் தாங்கவும் இல்லை, தொடவும் இல்லை.

இந்தச் சந்து எங்களுக்கு முதல் தடவை தெரியவில்லை. முதலில் செய்தது வேறு மாதிரி. தொட்டியின் அளவுக்குச் சரியாகச் சுவரை வெட்டி, தொட்டியைத் தள்ளி, சுற்றிலும் சிமென்ட் கலவையை அடைத்துப் பூசி, மேலே ஓரத்தை மூட மரப் பீடிங் என்கிற ஒல்லிப் பட்டை வைத்து ஆணி அடித்தார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எட்டாவது மாதம் கீழ் மூலையில் கசிவு. தொட்டியை வெளியே எடுக்க வழியே இல்லை. சிமென்டைக் கொத்த வேண்டியதாயிற்று. கொத்திய அதிர்வில் முன்கண்ணாடியில் கீறல் ஓடியது. பாதி தண்ணீரைத்தான் இறைத்திருந்தோம், மீதி கூடத்தில். அப்பா அந்த ஆஸ்கரை நீல டிரம்மில் விட்டு, ஏர் பம்பை வைத்துவிட்டு, ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது நீங்கள் பார்க்கிற மீன் அதுதான்.

கசிவுக்கு என்ன காரணம் என்று பிறகுதான் யோசித்தேன். தண்ணீர் நிரம்பியதும் நீளமான கண்ணாடி நடுவில் மயிரிழை அளவு வெளியே உப்பும். அது இயல்பு. சுற்றிலும் கலவை இறுகிக் கிடந்தால் கண்ணாடி எங்கே அசையும்? சுமை முழுக்க மூலை ஒட்டுக்குப் போய்ச் சேரும். எங்கள் தொட்டியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வேறு காரணமாகவே இருந்தாலும், என்றாவது ஒரு நாள் தொட்டியை வெளியே எடுக்கத்தான் வேண்டும். சிலிக்கான் ஒட்டு காலத்துக்கும் நிற்காது.

[காட்சி: ஸ்டோர் ரூம். இரும்பு ஸ்டாண்ட், மேலே தொட்டி, அதற்கு மேல் திறந்த வெளி.]

சரி, இரண்டாவது தடவை எப்படிச் செய்தோம் என்று வரிசையாகப் பார்ப்போம். முதலில் எடை.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். பன்னிரண்டு கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 340 லிட்டர். நாம் நிரப்புவது 310 சொச்சம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 12 மி.மீ. கண்ணாடியே 80 கிலோவுக்குப் பக்கம். மணல், கல் 50 கிலோ. ஆகமொத்தம் 450 கிலோவைத் தொடும். இது முழுக்க 6 சதுர அடியில் இறங்குகிறது, அதாவது சதுர அடிக்கு 75 கிலோ. வீட்டு அறைகளுக்கு நம் நாட்டுக் கட்டுமான விதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. சதுர அடிக்குக் கணக்கிட்டால் 18, 19 கிலோ. அந்த இடத்தில் மட்டும் நான்கு மடங்கு. எங்களுடையது தரைத்தளம் என்பதால் கவலை இல்லை. மாடி வீடாக இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடத்தைக் காட்டாமல் தொடங்காதீர்கள். பீம் எங்கே போகிறது என்று பார்த்து, அதன்மேலோ அதை ஒட்டியோ வைக்கச் சொல்வார்.

சுவரையும் விசாரிக்க வேண்டும். எங்கள் வீடு பில்லர், பீம் போட்டுக் கட்டியது. கூடத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் இருப்பது நாலரை இன்ச் தடுப்புச் சுவர். மேல்தளத்தைத் தாங்குவது அதன் வேலை இல்லை. பழைய வீடுகளில் ஒன்பது இன்ச் சுவரே கட்டடத்தைத் தாங்கும். அதில் கை வைப்பது வேறு விஷயம். புது அடுக்குமாடிகள் சிலவற்றில் சுவர் முழுக்கக் கான்கிரீட்டாகவே வார்க்கிறார்கள். அதை வெட்டவே கூடாது.

தடுப்புச் சுவர்தானே என்று லிண்டல், அதாவது ஓட்டைக்கு மேலே உள்ள செங்கல்லைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம், இல்லாமல் உடைத்துவிடவும் கூடாது. எங்கள் மேஸ்திரி வந்ததும் முதலில் சொன்னதே அதுதான்: "மேல இருக்கிற செங்கல் எங்க சார் உக்காரும்? ரெண்டு பக்கமும் ஆறு இன்ச் ஏத்தி லிண்டல் போட்டுட்டு, அப்புறம் கீழ உடைப்போம்." முட்டு கொடுத்து, மேலே ஒரு வரிசையை எடுத்து, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார். ஏழு நாள் தண்ணீர் விட்டு நனைத்தோம். பதினாலு நாள் கழித்துத்தான் கீழே உள்ள செங்கல்லை எடுத்தார், அதுவும் கட்டிங் மெஷினால் கோடு இழுத்து. சுத்தியல் அடியில் சுவர் மொத்தமும் அதிரும்.

[காட்சி: பிரம்பு நாற்காலியில் அப்பா. பக்கத்தில் டேப்பைத் தரையிலிருந்து கண் மட்டத்துக்கு நீட்டி அளக்கிறார்கள்.]

ஓட்டையை எந்த உயரத்தில் வைப்பது? பலர் நின்றபடி பார்த்து முடிவு செய்கிறார்கள். மீன் தொட்டியை யாரும் நின்றுகொண்டு பார்ப்பதில்லை. அப்பா எந்த நாற்காலியில் உட்கார்வாரோ அதிலேயே உட்கார வைத்து அளந்தோம். தரையிலிருந்து கண்ணுக்கு 43 இன்ச். ஸ்டாண்ட் 30 இன்ச். அதன்மேல் தொட்டி வைத்தால், தெரிகிற பகுதியின் நடு, கண் மட்டத்துக்கு ஒரு இன்ச் கீழே வருகிறது. தண்ணீரின் மேல் பரப்பை அடியிலிருந்து பார்க்கிற மாதிரி அமையும். வெளிச்சம் அதில் நெளிவதைப் பார்க்கவே தனி சுகம்.

அடுத்தது ஓட்டையின் அளவு. தொட்டியைவிட ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றரை இன்ச், கீழே ஒன்றரை இன்ச், மேலே 2 இன்ச் மறைத்திருக்கிறோம். மேலே மறைப்பது நீர்மட்டத்தையும் கண்ணாடி விளிம்புப் பட்டையையும். தண்ணீர் குறைந்து வெள்ளை உப்புக்கோடு படிந்தாலும் கூடத்தில் தெரியாது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் அந்தக் கோடு படியாத நாளே இல்லை. கீழே மறைப்பது மணலின் அடிப்பகுதியை. கண்ணாடியை ஒட்டிய மணலில் நாளடைவில் பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடிக்கும். எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, ஏனென்றால் அது உள்ளே இருக்கிறது.

சுவருக்குள்ளேயே அடங்கட்டும் என்று ஒன்பது இன்ச் அகலத்தில் ஒல்லியாகத் தொட்டி செய்கிறவர்களும் உண்டு. வேண்டாம். தண்ணீருக்குள் இருப்பது நமக்குக் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். நேராகப் பார்த்தால் உள்ளதில் முக்கால் பங்குதான் கண்ணுக்கு வரும். ஒன்பது இன்ச் ஏழாகக்கூடத் தெரியாது. மீன் திரும்பவும் இடம் இருக்காது. இந்த ஆஸ்கர் இப்போதே 10 இன்ச்.

[காட்சி: கழற்றிய சட்டம் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் பின்பக்கம் நெருக்கத்தில்.]

இப்போது சட்டம். இந்த வீடியோ எடுத்ததே இதற்காகத்தான்.

இது வெறும் பீடிங் இல்லை. அடியில்லாத பெட்டி மாதிரி. முன்னால் இரண்டரை இன்ச் அகலப் பட்டை, சுவரின் விளிம்பை மூடுகிறது. அதிலிருந்து பின்னால் போகிற பலகை, ஓட்டைக்குள் நுழைந்து கண்ணாடிக்கு முன்னால் வரை போகிறது. பூச்சோடு சேர்த்துச் சுவர் அஞ்சரை இன்ச், பலகையும் அவ்வளவுதான். பழைய வீட்டுக் கதவில் எடுத்த தேக்கு. நன்றாகக் காய்ந்த மரம் என்பதால் எடுத்தோம். ஈரம் பட்டு உப்பாமல் இருக்க வெளியே மட்டும் பாலிஷ் போட்டால் போதாது. இதோ, பின்பக்கமும் பாலிஷ். வெட்டு முனைகளில் மூன்று கை. மரம் தண்ணீர் குடிப்பது முனை வழியாகத்தான். முதல் பீடிங்கில் முன்பக்கம் மட்டும் பளபளத்தது, பின்பக்கம் பாலிஷ் படாத வெறும் மரம். கழற்றியபோது பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது.

அந்த அரை இன்ச் சந்தை எப்படி மூடுவது? பலகையின் பின் விளிம்பில் இந்தக் கறுப்புப் பட்டையைப் பாருங்கள். கதவுக்கு ஒட்டுகிற மெத்தென்ற ரப்பர் பட்டை, அவ்வளவுதான். கண்ணாடியை லேசாகத் தொடும், அழுத்தாது. இது இல்லாமல் ஒரு நாள் ராத்திரி கூடத்து விளக்கை அணைத்துப் பார்த்தோம். தொட்டியின் வெளிச்சம் சந்து வழியாகக் கசிந்து, சட்டத்தைச் சுற்றிச் சுவரில் வெள்ளைக் கோடாக விழுந்தது. கண் மீனிடம் போகவே இல்லை, அந்தக் கோட்டிடமே போனது. பலகையின் உள்பக்கமும் அதனால்தான் மங்கல் கறுப்பு. பளபளப்பாக விட்டால் மீனின் பிம்பம் நான்கு பக்கமும் விழும்.

சட்டம் சுவரில் நிற்பது காந்தத்தால். அலமாரிக் கதவுக்குப் போடுகிற காந்தம், பக்கத்துக்கு இரண்டு, மேலும் கீழும் இரண்டிரண்டு. எடை காந்தத்தின் மேல் இல்லை. பலகை ஓட்டையின் அடி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது.

சட்டத்துக்குச் சிலிக்கான் தடவலாமா என்று கேட்பீர்கள். கண்ணாடியோடு ஒட்டினால் பழைய கதைதான், மறுபடி கழற்ற முடியாது. குளியலறைக்கு விற்கிற சிலிக்கானில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். அது தண்ணீரில் பட்டால் மீனுக்கு ஆபத்து. தொட்டி ஒட்டுவதற்கென்றே விற்பதைத் தவிர வேறு எதுவும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது.

[காட்சி: ஸ்டோர் ரூம் சுவர், தொட்டிக்கு மேல் வரை டைல்ஸ்.]

கூடத்துப் பக்கம் சாதாரணப் பூச்சு, பட்டி, பிரைமர், எமல்ஷன். மங்கலான அடர் சாம்பல் நிறம் அடித்தோம். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்; அடர்த்தியான நிறத்துக்கு நடுவில் தண்ணீர் தானாக எழுந்து தெரிகிறது. சுற்றிலும் கல் ஒட்டுவது, கலர் எல்இடி பட்டை போடுவது எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிறது.

பின்பக்கம் அப்படி இல்லை. கோடையில் வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் ஆவியாகப் போகிறது. அது சுவரில்தான் போய் உட்காரும். ஆஸ்கர் வாலால் அடித்தால் கூரை வரை தெறிக்கும். அங்கே பட்டி வைத்தால் மூன்றே மாதத்தில் உப்பி உதிரும். அதனால் தொட்டிக்கு மேல் 2 அடி வரை டைல்ஸ், அதற்கு மேல் வெளிச்சுவர் பெயின்ட், ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். ஸ்டாண்டுக்கு அடியில் அலமாரி செய்வதாக இருந்தால் மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம், ஈரத்தில் ரொட்டி மாதிரி ஊறிவிடும். தண்ணீரைத் தாங்கும் 710 தர பிளைவுட்டையே கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம்: பிளக் பாயின்டுகள் தொட்டிக்குப் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே. ஒவ்வொரு வயரும் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறிப் பிளக்குக்குப் போகிறது; வயரோடு வழியும் சொட்டு அந்த அடி வளைவிலேயே விழுந்துவிடும். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாகப் போட்டிருக்கிறோம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அறையில் பெயின்ட் வாடை இருந்தால் அதுவும் தண்ணீருக்குள் போகும். கொசு மருந்தும் அப்படித்தான், மீனுக்கு அது கடும் விஷம். ஆகவே எல்லா வேலையும் முடிந்து, கடைசிப் பூச்சு காய்ந்து, ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து வைத்த பிறகுதான் மீன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பம்பை வெளியே வைத்து நீளமான குழாய் போடுகிறோம். தொட்டிமேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திவிடுகிறோம். சுண்ணாம்பு தண்ணீரில் விழக் கூடாது.

[காட்சி: இருவர் காலித் தொட்டியைப் பின்பக்கமாகத் தூக்கி எடுக்கிறார்கள்.]

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் வெள்ளோட்டம் பார்த்தோம். கொளத்தூரில் செய்து வாங்கிய தொட்டியை முதலில் வாசலில் வைத்து, தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, மூன்று நாள் விட்டோம். தாள் நனையவில்லை. பிறகு ஸ்டாண்டில் அரை இன்ச் தெர்மோகோல் விரித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டியை ஏற்றினோம். ஏற்றியதோடு விடவில்லை. மறுபடி இறக்கி, ஸ்டோர் ரூம் கதவு வழியாக வெளியே கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவந்து வைத்தோம். கதவின் நிலையில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இடித்தது. ஆசாரி அங்கேயே அந்தத் தாழ்ப்பாளை இடம் மாற்றினார்.

இரண்டாம் தடவை கதவைத் தாண்டித் தொட்டி இடிக்காமல் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அப்பா, "சரி, தண்ணி விடு" என்றார்.

[காட்சி: சட்டம் ஓட்டைக்குள் நுழைகிறது. காந்தங்கள் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் ஓசை. ஆஸ்கர் முன்னால் வருகிறது.]