சிக்னல் விளக்கும் கேட் கீப்பர் தூக்கமும்

(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, பாலம் கேட்டு நாங்கள் நடையாய் நடந்தபோது மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேசிய பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, சிக்னல் பிரிவு அதிகாரிகளே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. வெயிலுக்குப் பயந்து மடித்து வைத்துவிட்டேன், தவறாக எண்ண வேண்டாம்.

எல்இடி சிக்னல் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன். வெளிச்சம், மின்சாரச் சிக்கனம், மனிதன்.

எங்கள் காலத்து கலர் லைட் சிக்னலில் 12 வோல்ட், 24 வாட் பல்பு. உள்ளே இரண்டு இழை. ஒன்று போனால் மற்றது எரியும். எண்ணெய் முந்துதோ திரி முந்துதோ என்பார்களே, அந்தப் பதைப்பிலேயே எங்கள் ராத்திரிகள் கழிந்தன.

ஒரு மழை இரவில், ஸ்டேஷனுக்குள் வண்டியை அனுமதிக்கும் ஹோம் சிக்னலில் இரண்டு இழையும் போச்சு. எரியாத சிக்னலைச் சிவப்பாகத்தான் டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பாசஞ்சர் வண்டி நின்றுவிட்டது. சட்டைப் பையில் பல்பு, கையில் டார்ச், தண்டவாளத்தோரம் ஓடுகிறேன். ஜன்னலிலிருந்து ஒரு பாட்டி, "ஏம்பா, வண்டி ஏன் நிக்குது?" "பல்பு போயிடுச்சு பாட்டி." "ஒரு பல்புக்கா இத்தனை பேரை உக்கார வச்சிருக்கீங்க? எங்க வீட்டுல நாலு பல்பு சும்மா எரியுது, கழட்டித் தரேன் வா!" பெட்டியே சிரித்தது. நான் ஏணியில் ஏறினால், "பாத்துடா, வழுக்கும்" என்று அதே குரல். இறங்கி வந்ததும் தூக்குவாளியைத் திறந்து இரண்டு அதிரசம் நீட்டினார். "அடுத்த தடவை ரெண்டு பல்பா போடு!" உள்ளே ஏற்கெனவே இரண்டு இழை இருந்த கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? (சிரிப்பு)

எல்இடியில் ஒரே முகத்தில் பல சிறு விளக்குகள். ஒன்றிரண்டு செத்தாலும் சிக்னல் இருட்டாகாது. வெள்ளை வெளிச்சத்தை வண்ணக் கண்ணாடியில் வடிகட்டிப் பெரும்பகுதியைப் பறிகொடுக்கும் வேலையும் இல்லை. சிவப்பு விளக்கே சிவப்பாக எரிகிறது. சாயங்கால வெயில் லென்ஸில் விழுந்து, எரியாத நிறம் எரிவதுபோல் டிரைவரை ஏமாற்றும் தொல்லையும் குறைந்தது. அதிகாரிகளுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

சரி, விளக்குக்குத்தான் எண்ணெய் முந்துதோ திரி முந்துதோ கவலை தீர்ந்தது. கேட் கீப்பருக்கு? 12 மணி நேர டியூட்டி பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே தூக்கம் முந்துதோ, ரயில் முந்துதோ!

2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம். பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அது இன்டர்லாக் செய்யாத கேட். இன்டர்லாக் இருந்தால் கேட்டை மூடிப் பூட்டாமல் ரயிலைப் போகவிடும் சிக்னல் விழாது. இல்லாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பேசிக்கொள்வதுதான் பாதுகாப்பு. சிக்னல் எவ்வளவு பளிச்சென்று எரிந்து என்ன, கேட் திறந்திருப்பது அதற்குத் தெரியாதே!

மின்சாரச் சிக்கனத்துக்கு நேரமில்லை, தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். எல்லா கேட்டையும் இன்டர்லாக் செய், எட்டு மணி நேர டியூட்டி கொடு என்ற மனு வாசல் மேஜையில் இருக்கிறது. டீயையும் அங்கேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.