கூடப் போகிறவர்

நேயர்களுக்கு வணக்கம். கணவன், மனைவி இருவரில் ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார், இன்னொருவர் அவருக்காகக் கூடப் போயிருக்கிறார். அந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். என் கணவர் பிஎச்.டி. செய்த காலம் முழுக்க அவரோடு வெளிநாட்டில் இருந்தவள் நான். அதற்குப் பிறகும் இப்படி வருகிற குடும்பங்களோடு நெருங்கிப் பழகி வருகிறேன். படிக்கிறவரைக் கவனிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கைடு இருக்கிறார், உடன் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இன்று கூடப் போகிறவரைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மனைவி படிக்க, வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகிற கணவர்களையும் எனக்குத் தெரியும்.

அனுமதிக் கடிதம் வந்தவுடன் வீட்டில் என்ன பேசுகிறோம்? பல்கலைக்கழகத்தின் பெயர், கைடு எப்படிப்பட்டவர், உதவித்தொகை எவ்வளவு, விமானம் எப்போது. "அங்கே போய் நீ என்ன செய்யப்போகிறாய்?" என்ற கேள்வி கடைசியில்தான் வரும். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அதையும் மூடிவிடுவோம். ஆனால் அதில் பாதிக்கு மேல் போய்ப் பார்த்துக்கொள்கிற விஷயமே இல்லை. விசா வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர் எஃப்-1 விசாவில் போனால், துணைவருக்கு எஃப்-2. எஃப்-2 விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. முழுநேரப் பட்டப்படிப்பும் படிக்க முடியாது. 2015-இல் வந்த விதிப்படி பகுதிநேரமாகப் படிக்கலாம், அவ்வளவுதான். முழுநேரம் படிக்க வேண்டுமானால் தானே எஃப்-1 நிலைக்கு மாற வேண்டும். இதே அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போகிறவரின் துணைவர், ஜே-2-வில் இருந்துகொண்டே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஜே-1-க்கு அதன் சொந்தக் கட்டுப்பாடுகள் உண்டு, எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கும் குடும்பங்கள்கூட இந்த வித்தியாசம் தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

பிரிட்டனில் நிலைமை வேறு. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கிய படிப்புகளில், வகுப்பில் பாடம் கேட்டுப் படிக்கும் சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பிஎச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்புகளுக்கும், அரசு உதவித்தொகையில் போகும் சில படிப்புகளுக்கும் மட்டும் விலக்கு இருக்கிறது. ஆனால் அப்படிக் கூடப் போய்விட்டால் துணைவர் முழுநேரம் வேலை பார்க்கலாம். கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலைப் படிப்பு, முனைவர் பட்டம், இன்னும் சில தொழிற்படிப்புகள், இவற்றில் இருக்கிற மாணவரின் துணைவருக்குத்தான் திறந்த வேலை அனுமதி, அதாவது எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கும் அனுமதி. ஒரு வருட முதுகலையில் சேர்ந்தால் அது கிடைக்காது. ஆக, படிப்பின் நீளமே இன்னொருவரின் வேலையைத் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் படிக்கிறவர் முதுகலையோ முனைவர் பட்டமோ படித்தால், படிப்பு தொடங்கிய பிறகு துணைவர் வேலை பார்க்க நேரக் கட்டுப்பாடு இல்லை. இளங்கலை என்றால் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அங்கே இன்னொன்றும் முக்கியம். துணைவர் பிறகுதான் வருவார் என்றாலும், முதல் விண்ணப்பத்திலேயே அவர் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் கூட்டிக்கொள்வது பெரும் சிக்கலாகிவிடும்.

ஜெர்மனிக்குத் துணைவராகப் போக, பல நாட்டவர்க்கு ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வுச் சான்று வேண்டும். அதைச் சிலர் தொல்லையாக நினைக்கிறார்கள். நான் நல்லதென்று நினைக்கிறேன். போய் இறங்கும்போதே கடையில் கேட்கவும், பேருந்தில் விசாரிக்கவும் வாயில் நாலு வார்த்தை இருக்கும். அங்கே துணைவர் வேலை பார்க்கலாம். மாணவர் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத துணைவரையும் தனிக் கட்டணம் இல்லாமல் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இது தலைகீழ். பல்கலைக்கழகம் மாணவருக்குக் காப்பீடு கொடுத்தாலும், துணைவருக்கு அநேகமாகக் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். உதவித்தொகையில் அது பெரிய ஓட்டை. குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் போவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அந்தந்த அரசின் சொந்த இணையதளத்தில் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள், முகவர் சொன்னார் என்று இருந்துவிட வேண்டாம்.

இதெல்லாம் வெறும் சட்டம்தானே என்று தோன்றலாம். ஒரு கணக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் பிஎச்.டி. முடிக்கப் பொதுவாக ஐந்து வருடமாவது ஆகும். முடித்ததும் ஓபிடி என்று 12 மாத வேலைப் பயிற்சி. அறிவியல், பொறியியல் துறை என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். அந்த மூன்று வருடமும் துணைவர் எஃப்-2-விலேயேதான் இருப்பார். ஆக எட்டு வருடம். பிறகு எச்-1பி வேலை விசா கிடைத்தால் துணைவருக்கு எச்-4. அதிலும், நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு நடைமுறை ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் வேலை அனுமதி. இருபத்தாறு வயதில் நல்ல வேலையை விட்டுவிட்டுப் போன ஒருவர், முப்பத்துநாலு வயதில் தன் துறைக்குள் திரும்ப நுழையப் பார்க்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். இது தெரிந்து, இருவரும் பேசி, ஏற்றுக்கொண்டு போனால் அது ஒரு முடிவு. தெரியாமல் போனால் அது ஒருவருக்கு நடக்கிற அநியாயம். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

சரி, போயாயிற்று. முதல் வாரத்திலேயே படிக்கிறவருக்கு அடையாள அட்டை, மின்னஞ்சல், ஆய்வகத்தில் ஒரு மேசை எல்லாம் வந்துவிடும். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருக்கிறது. கூடப் போனவருக்கு? எஃப்-2-வில் இருப்பவருக்கு அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு எண்கூடக் கிடைக்காது. பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் எடுக்கவே, "உங்களுக்கு எண் கொடுக்க முடியாது" என்று அந்த எண்ணைக் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அலைச்சல்தான். ஆனாலும் வாங்குங்கள். தன் பெயரில் ஓர் உரிமம், தன் பெயரில் ஒரு நூலக அட்டை, தன் பெயரும் சேர்ந்த ஒரு வங்கிக் கணக்கு, இவை மூன்றும் முதல் மாதத்திலேயே ஆகிவிட வேண்டும்.

கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர், புதிய நாட்டுக்குப் போகிறவர்கள் படும் அதிர்ச்சியைப் பற்றி 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், அப்புறம் எரிச்சலும் ஏக்கமும் வரும், பிறகு மெல்ல மெல்லப் பழகும் என்று படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். நான் பார்த்தவரை, ஒரே வீட்டில் இருக்கும் இருவருக்கும் இந்தப் படிகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. படிக்கிறவர் பரபரப்பில் இருப்பதால் அவருக்கு அது உறைப்பதில்லை. வீட்டில் இருப்பவருக்குக் குளிர்காலத்தில், நாலு மணிக்கே இருட்டும்போது, கனமாக வந்து இறங்கும். மாலையில் களைத்து வருகிறவர் அன்பாகத்தான் கேட்பார், "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்று. அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒன்றும் இல்லாத நாட்கள் மனிதரை உள்ளுக்குள் அரித்துவிடும். அழுகை காரணமில்லாமல் வந்தால், தூக்கம் கெட்டால், அதைப் பலவீனம் என்று நினைக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். பல பல்கலைக்கழகங்களில் குடும்பத்தினருக்கு எங்கே ஆலோசனை கிடைக்கும் என்று பன்னாட்டு மாணவர் அலுவலகத்திலேயே வழிகாட்டுவார்கள்.

உதவி இருக்கிறது, தேடிப் போக வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் துணைவர்களுக்கென்றே ஒரு குழு பல வருடங்களாக நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலும் புதிதாக வருகிறவர்களின் துணைவர்களுக்காக ஒரு சங்கம் உண்டு. எம்ஐடியின் வெஸ்ட்கேட், ஸ்டான்ஃபோர்டின் எஸ்கொண்டிடோ வில்லேஜ் மாதிரிக் குடும்பக் குடியிருப்புகளும் உண்டு. வாடகை கொஞ்சம் கூடுதலானாலும், முதல் வருடம் அப்படிப்பட்ட இடத்தில் இருப்பதையே நான் சொல்வேன். துணி துவைக்கும் இடத்தில் நிற்கும்போதே தன்னைப் போன்ற நாலு பேரைப் பார்க்க முடியும். பொது நூலகங்களில் பேச்சு மொழிக்கு இலவச வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன. மொழி தெரிந்தவர்களும் போகலாம். அங்கே கிடைப்பது நட்பு.

வேலை பார்க்க முடியாத வருடங்களில் உங்கள் துறைக்கான தயாரிப்பை விட்டுவிடாதீர்கள். பட்டத்தை அந்நாட்டுக்கு ஏற்ப மதிப்பிட்டு வாங்குவது, மருத்துவர், செவிலியர், ஆசிரியர் என்றால் அங்கே உரிமத்துக்கான தேர்வுகளை எழுதுவது, பகுதிநேரமாக ஒரு பாடம் படிப்பது, இவற்றுக்கெல்லாம் வேலை அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதற்காகப் பட்டச் சான்றுகள், மதிப்பெண் பட்டியல், பழைய வேலையின் அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் கிளம்பும்போதே அசலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து சொந்த நாட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியாக வேலை பார்க்கலாம் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது விசாவுக்கே ஆபத்தாகலாம். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படிக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. ஆராய்ச்சிக்கு முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது. எத்தனை மணி கொடுத்தாலும் தின்றுவிடும். அதனால் வாரத்தில் ஒரு நாளை முழுசாக வீட்டுக்கு என்று எடுத்து வையுங்கள். தகுதித் தேர்வு, ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் அது முடியாமல் போகும்; முன்கூட்டியே சொல்லிவிட்டால் கூட இருப்பவர் தாங்கிக்கொள்வார். உதவித்தொகையை "என் பணம்" என்று எண்ண வேண்டாம். காலணி வாங்க ஒருவர் இன்னொருவரிடம் கை நீட்டுகிற நிலை எந்த வீட்டிலும் வரக் கூடாது.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். டிபென்டன்ட் விசா ஒருவரின் கையில் ஆயுதமாக மாறிவிடுகிற வீடுகளும் இருக்கின்றன. "என்னால்தான் நீ இங்கே இருக்கிறாய்" என்ற மிரட்டல், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது, அடி. அப்படி இருப்பவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் பாஸ்போர்ட் உங்களிடம்தான் இருக்க வேண்டும். அதன் நகலை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. டிபென்டன்ட் விசாவில் இருக்கிறவரும் இந்த எண்களை அழைக்கலாம். மொழி தெரியவில்லையென்றால் உங்கள் மொழியின் பெயரைச் சொல்லுங்கள், பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

கடைசியாக, படிப்பு முடிவதற்கு ஒரு வருடம் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஜெர்மனியில் பட்டம் வாங்கியவர் வேலை தேட 18 மாதம் தங்கலாம். வேறு நாடுகளில் வேறு கணக்கு. அடுத்த ஊரை எதை வைத்து முடிவு செய்வது? இத்தனை வருடம் ஒருவரின் படிப்புக்காக ஊர் மாறினோம், இந்த முறை இன்னொருவரின் வேலை எங்கே கிடைக்கிறது என்று முதலில் பார்க்கலாமா? இந்தக் கேள்வியைப் படித்து முடித்தவரே எடுத்து வைக்க வேண்டும். கூட வந்தவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.