பணம் இருந்தும் வெட்ட முடியாத கால்வாய்

மாண்பமை நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். நாட்டின் பொருளாதாரத்துக்கு அடித்தளம் தொழில் முதலீடா, மக்கள் நல்வாழ்வா என்ற தலைப்பில், மக்கள் நல்வாழ்வே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், "முதலில் ஆலை வரட்டும், சாலை வரட்டும், கருவூலம் நிறைந்தால்தானே ஆஸ்பத்திரி கட்ட முடியும்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு குறளைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். நான் ஒரு கால்வாயைச் சொல்லப் போகிறேன்.

சூயஸ் கால்வாயை 1869இல் திறந்து புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ், 1881இல் பனாமாவில் இன்னொரு கால்வாயை வெட்டும் வேலையைத் தொடங்கினார். எதிரணி கேட்பவை யாவும் அவரிடம் இருந்தன. பிரான்சின் சிறு சேமிப்பாளர்கள்வரை பங்கு வாங்கிக் குவித்த மூலதனம் இருந்தது. தேர்ந்த பொறியாளர்களும் இயந்திரங்களும் இருந்தனர். ஆயினும் 1889இல் அந்தக் கம்பெனி திவாலானது. மண்சரிவும் தவறான திட்டமும் அதற்குக் காரணங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால், பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலாலும் மலேரியாவாலும் ஏறத்தாழ 22,000 பேர் மடிந்த இடத்தில், எந்தத் திட்டத்தை யார் நின்று நிறைவேற்றியிருக்க முடியும்? ஆஸ்பத்திரி இல்லாத குறையும் அங்கே இல்லை. அங்கோன் குன்றில் பெரிய ஆஸ்பத்திரியே கட்டினார்கள். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினார்கள். அந்த நீரில்தான் கொசு முட்டையிட்டது. நண்பர் நல்வாழ்வு என்றவுடன் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை நினைக்கிறார். நான் பேசுவது அந்தக் கிண்ணத்து நீரைப் பற்றி.

1904இல் அமெரிக்கா அந்த வேலையை ஏற்றபோது அறிவியல் முன்னேறியிருந்தது. மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்பதற்கான சான்றை 1897இல் நம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டிருந்தார். மஞ்சள் காய்ச்சலும் கொசுவால்தான் பரவுகிறது என்ற கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லேயின் கருத்தை, வால்டர் ரீட் தலைமையிலான குழு 1900இல் மெய்ப்பித்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் மேலதிகாரிகள் கொசு ஒழிப்பை வீண் செலவு என்றே கருதினார்கள். (நிதித் துறைகளின் குணம் எந்த நாட்டிலும் மாறுவதில்லை போலும்.) 1905இல் காய்ச்சல் மூண்டதும் அமெரிக்க ஊழியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அப்போது தலைமைப் பொறியாளராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ், தோண்டும் வேலையை நிறுத்திவிட்டு, மருத்துவர் வில்லியம் கோர்கஸ் கேட்ட ஆட்களையும் பொருள்களையும் கொடுத்தார். வீடுவீடாகப் புகை போட்டார்கள், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார்கள், குழாய்வழியே தண்ணீர் கொடுத்து, பீப்பாய்களில் நீரைச் சேர்த்துவைக்க வேண்டிய தேவையையே போக்கினார்கள். சில மாதங்களில் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது. பிறகுதான் வேலை வேகம் பிடித்து, 1914 ஆகஸ்டில் கால்வாய் திறக்கப்பட்டது. அங்கே முன்னால் சென்றது நல்வாழ்வு. முதலீடு அதன் பின்னால்தான் பலன் தந்தது.

பனாமா தொலைவில் இருக்கிறது என்றால் சூரத்துக்கு வருவோம். வைரம் பட்டை தீட்டுவதிலும் செயற்கை இழைத் துணியிலும் கொழித்த அந்த நகரத்தில் பணத்துக்குப் பஞ்சமில்லை. குப்பை அள்ளுவதற்கும் சாக்கடைக்கும்தான் பஞ்சம். 1994இல் வெள்ளம் வடிந்த கையோடு, செப்டம்பரில் பிளேக் என்ற செய்தி பரவியது. நாடு முழுவதும் இறந்தவர்கள் அறுபது பேருக்கும் குறைவுதான். ஆனால் சில நாள்களுக்குள் லட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினார்கள், பட்டறைகளும் தறிகளும் நின்றன, வளைகுடா நாடுகள் இந்தியாவுடனான விமானப் போக்குவரத்தை நிறுத்தின, ஏற்றுமதியும் சுற்றுலாவும் முடங்கின. நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 200 கோடி டாலரை ஒட்டியது என்று மதிப்பிட்டார்கள். எத்தனை ஆண்டு குப்பை அள்ளியிருக்கலாம் அந்தப் பணத்தில்! 1995இல் ஆணையராக வந்த எஸ். ஆர். ராவ் அதே மாநகராட்சி ஊழியர்களைக்கொண்டு நகரைத் துப்புரவாக்கிக் காட்டினார். செல்வம் வந்தால் நல்வாழ்வு தானாகப் பின்னால் வரும் என்றால், ஏற்கெனவே செல்வத்தில் மிதந்த சூரத்துக்கு அது ஏன் வரவில்லை?

நாட்டுக் கணக்கை விட்டு வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2013-14இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ 64 சதவீதத்தைக் குடும்பங்கள் தம் கையிலிருந்து கொடுத்தன. 2021-22இல் அது 39 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, மருந்துக்குக் கட்டிய பணம் கடைக்கும் வருவதில்லை, பிள்ளையின் படிப்புக்கும் போவதில்லை. நண்பர் ஆலையில் செய்து குவிக்கும் பொருளை யார் வாங்குவார்கள் என்பதும் பொருளாதாரம்தானே? 2025க்குள் அரசுகளின் மருத்துவச் செலவை மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை சொன்னது. அதை எட்டாமலேயே முதலீட்டைப் பற்றி மாநாடு நடத்துகிறோம்.

"இலங்கையில் இலவச மருத்துவம் இருந்தது, மலேரியாவை ஒழித்ததற்கு 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது, பின் ஏன் 2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்றது?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மிதமிஞ்சிய வெளிநாட்டுக் கடனும், 2019இன் வரிக்குறைப்பும், 2021இல் ஒரே வீச்சில் ரசாயன உரத்தைத் தடைசெய்ததும் அதற்கான விடைகள். இவற்றில் மருத்துவமனை செய்த குற்றம் எது? நல்வாழ்வு இருந்தால் நிதி நிர்வாகமே வேண்டாம் என்று எங்கள் அணி எங்கும் சொல்லவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில், அதற்கு முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட, இந்தியாவின் உற்பத்தி ஏறத்தாழ 24 சதவீதம் சரிந்தது. அந்த மூன்று மாதங்களில் ஆலைகள் இடிந்துவிடவில்லை, சாலைகள் பெயர்ந்துவிடவில்லை, போட்ட முதலீடு போட்ட இடத்திலேயே இருந்தது. ஊரடங்கால் சரிந்தது என்று அவர் சொல்வார். ஊரடங்கு எதனால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி நடுவர் அவர்கள் அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.