நாண்ல சுத்துற நூலு

வணக்கம். காசிமேட்டுல இருந்து வெயில்ல வந்து நேரா இந்த ரேடியோ ஸ்டேஷன் ஏசி ரூம்ல உக்காந்திருக்கேன், தொண்ட கட்டினாப்ல இருந்தா கொஞ்சம் பொறுத்துக்கங்க. வில்வித்தை பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. குறி, மூச்சு, தியானம்லாம் பேச நிறைய பேர் இருக்காங்க, நான் பேசப்போறது ஒரு ஜாண் நீளத்துக்கு சுத்துற நூலு பத்தி.

கிரிக்கெட் பேட் கைப்பிடியில ரப்பர் க்ரிப்ப உருவினா உள்ள நெருக்கமா நூல் சுத்தியிருக்கும்ல, அதே மாதிரி வில்லோட நாண்லயும் நடுவுல, அம்போட வால் மாட்டுற இடத்துல, இடைவெளியே இல்லாம நூல் சுத்தியிருக்கும். அதுக்கு சர்விங்னு பேரு. அம்போட வால்ல ஒரு பிளாஸ்டிக் பிளவு இருக்கும், அது நாக். ஒவ்வொரு அம்புக்கும் அந்த நாக் வந்து கடிக்கிறது, விரல்ல போட்டிருக்கிற தோல் உரசுறது, விட்டப்புறம் முழங்கைக்கிட்ட கட்டியிருக்கிற கார்டுல அடிக்கிறது, எல்லா அடியையும் இந்த நூல்தான் வாங்குது. தேயறதுக்குன்னே சுத்துற நூல் அது. வில்லு பழகுற நம்ம பசங்க என்ன பண்றாங்க, நூல் பிரிஞ்சதும் ஸ்ட்ரிங் போச்சுன்னு வீட்ல புதுசுக்கு காசு கேக்குறாங்க. ஸ்ட்ரிங் போகல கண்ணு, அதோட சட்டை கிழிஞ்சிருக்கு, அவ்ளோதான். உள்ள இருக்கிற இழைங்க, பதினாறோ பதினெட்டோ இருபதோ, அதுல ஒண்ணு அறுந்திருந்தா அப்போ தூக்கிப் போடு, நானே வேணாம்னு சொல்லுவேன்.

வியாசர்பாடி பக்கத்துல இருந்து வர்ற ஒரு பையன் ஒரு நாள், "அக்கா நானே சுத்திட்டேன்"னு வில்ல நீட்டுறான். பாத்தா பிங்க் கலர்ல நூலு. தொட்டா சொரசொரன்னுது. டேய் இது என்னடான்னா, மாஞ்சாக்கா, நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்னு அப்டியே சிரிக்கிறான். கண்ணாடித் தூள் போட்ட நூல நாண் மேல சுத்தியிருக்கான்! நாண், நாக், விரல் மூணுமே அறுந்துரும். மாஞ்சாவுக்கு சிட்டில தடை இருக்கு, அது வேற கதை. அன்னைக்கு அவன்கிட்ட போட்ட சத்தத்துல எனக்கே ரெண்டு நாள் குரல் இல்ல.

அவன சொல்லிட்டேன், நான் மட்டும் என்ன ஒழுங்கா. முத முதல்ல நான் சுத்தினப்போ கடைசியில மூணு முடிச்சு போட்டு மேல சூப்பர் க்ளூவும் ஊத்தி, மொட்டை மாடியில காய வெச்சிருந்தேன். எங்க தெருவுல வலை கட்டுற தாத்தா ஒருத்தர் இருந்தாரு, எங்கப்பாவ பாக்க மேல வந்தவரு அத கையில எடுத்து, "இன்னாமா இது, நாய் கடிச்சி துப்புன கயிறு மாறி கீது"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவரு கண்டுக்கவே இல்ல, கட்டைவிரலால அந்த முடிச்ச தடவிட்டு, "முடிச்சி போட்டா துருத்திக்கும், துருத்துனா தேயும், தேஞ்சா அவுந்துக்கும், முடிச்சே போடாதமா"ன்னாரு. முடிச்சு போடாம எப்டி தாத்தா நிக்கும்னேன். கீழ உக்காந்து, போட்டுல கட்டுற கயித்து நுனி பிரியாம இருக்க நூல் சுத்துவாங்கல்ல, அத செஞ்சு காட்டினாரு. கடைசி பத்து சுத்து வரும்போது ரெண்டா மடிச்ச ஒரு துண்டு நூல அடியில படுக்க வெச்சு அது மேலயே சுத்தணும். சுத்தி முடிச்சதும் நூல் முனைய அந்த மடிப்புக்குள்ள விட்டு, மடிச்ச நூலோட மறுமுனைய புடிச்சு இழுத்தா, முனை சுத்துக்கு அடியில புகுந்து அந்தப் பக்கம் வந்துரும். பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரிதான். ஆரம்பத்துலயும் அதே, நூல் முனைய படுக்க வெச்சு அது மேலயே எட்டு பத்து சுத்து. முடிச்சே கிடையாது, நூல நூலே புடிச்சிக்கும். தலைகீழா சுத்தி முடிக்கிற இன்னொரு முறை இருக்கு, அத ரேடியோல சொன்னா உங்க விரலும் என் நாக்கும் சேந்து சிக்கிக்கும், வேணாம்.

இழுவை எவ்ளோன்னு கேப்பீங்க. மல்லிப்பூ கட்டுறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், இறுக்கினா காம்பு நறுக்குன்னு போயிரும், தளர விட்டா பூ உதிரும். இங்கயும் அதேதான், ரொம்ப இறுக்கினா உள்ள இழைங்க நசுங்கும், விட்டா சர்விங் மொத்தமா மேல கீழ நகரும். இதுக்குன்னே நூல்கண்டு மாட்டுற ஒரு சின்ன கருவி விக்குது, அதுல இருக்கிற திருகு ஒரே சீரா இழுவை குடுக்கும். நாண வில்லுல மாட்டி வெச்சுதான் நடு சர்விங் சுத்தணும். எந்தப் பக்கம் சுத்தறதுன்னா நாண் முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், மாத்தி சுத்தினா அம்பு விட விட தளரும்.

ஒண்ண முன்னாடியே சொல்லியிருக்கணும். பழைய நூல அறுக்குறதுக்கு முன்னாடி அம்பு மாட்டுற இடம் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு அளந்து எழுதி வெச்சுக்கங்க. எழுதி வெச்சுக்கங்க, ஞாபகம் இருக்கும்னு நம்பாதீங்க. 70 மீட்டர் தூரத்துல இருக்கிற குறியில பத்து மார்க் வட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர், டீ சாஸர விட சின்னது, இங்க ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினா அங்க போய் தெரியும். அறுக்கும்போது பிளேடு நுனி உள்ள இழை பக்கம் திரும்பவே கூடாது.

சுத்தி முடிச்சதும் அம்ப மாட்டி தரையப் பாத்து தொங்க விடுங்க. தானா விழக்கூடாது, நாண லேசா ஒரு தட்டு தட்டினா விழணும். தட்டியும் விழலன்னா நூலு தடி, மெல்லிசு எடுங்க. தானா விழுந்தா அதுதான் டேஞ்சர், இழுத்து விடுற நேரத்துல அம்பு கழண்டு வெறும் நாண் அடிச்சா வில்லுல மேலயும் கீழயும் வளையுற பட்டையே ஒடையலாம்.

மெழுக நாண்ல நூல் சுத்தாத இடத்துல தேயுங்க, சர்விங் மேல அப்பாதீங்க. அப்புறம் ரெண்டு முனையில இருக்கிற வளையத்துலயும் சர்விங் இருக்கு, அத யாருமே பாக்கறதில்ல, அதுக்குன்னு தனியா அஞ்சு நிமிஷம் வெச்சிருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கைய காட்டுறாரு, சரி சரி, வில்லுல மாட்டுறப்ப வளையத்து உள்பக்கம் நகத்தால ஒரு தடவ தடவுங்க, நூல் விலகி உள்ள இழை தெரிஞ்சா அன்னைக்கு சுடாதீங்க. வரேங்க, வணக்கம்.