பையில் இரண்டு நிறைகற்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

தேர்தல் தேதி அறிவித்ததும் சபைக்குள் எழும் முதல் கேள்வி, "யாருக்கு ஓட்டுப் போடுவது?" என்பதுதான். அதற்கு இந்த மேடையில் பதில் கிடையாது. இன்று தியானத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரு கடைத்தெரு வசனம். உன் பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்க வேண்டாம் என்று சொல்கிறது உபாகமம் 25:13. வாங்கும்போது கனத்த கல், விற்கும்போது லேசான கல். அந்தக் காலத்து வியாபாரியின் தந்திரம் அது.

தேர்தல் வந்தால் விசுவாசியின் பையிலும் இரண்டு கல் ஏறிவிடுகிறது. நம் வேட்பாளர் பொய் சொன்னால் "அரசியல் என்றால் அப்படித்தான்." எதிராளி சொன்னால், பிசாசைப் பொய்க்குப் பிதா என்று சொல்லும் யோவான் 8:44-ஐ எடுத்து வாசிக்கிறோம். நம்மவர்மேல் வழக்கு என்றால் பழிவாங்கல், அவர்மேல் வழக்கு என்றால் தேவ நியாயத்தீர்ப்பு. வேட்பாளரைவிட இந்த இரண்டாவது கல்லுக்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும்.

கல்லைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு செய்தியைப் படித்ததும் கோபமோ குஷியோ பொங்கினால், அதிலுள்ள பெயரை எடுத்துவிட்டு மறுதரப்பின் பெயரைப் போட்டு இன்னொரு முறை படியுங்கள். பொங்கியது அடங்கிவிட்டதா? அப்படியானால் அது நீதிக்காக வந்த வைராக்கியம் அல்ல.

இதைச் சொன்னதும் சிலர், "அப்படியானால் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று கைகழுவப் பார்ப்பார்கள். அதுவும் கள்ள நிறைதான். ஒரே கல்லால் நிறுத்தாலும் தராசு ஒரு பக்கம் தாழத்தான் செய்யும். தீர்க்கதரிசி நாத்தான், பாவம் செய்த ராஜா தாவீதைப் பார்த்து "நீயே அந்த மனுஷன்" என்றான். யோவான்ஸ்நானகன் ஆட்சியாளன் ஏரோதின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னான். கண்டிப்பது பாவமல்ல, ஆளைப் பார்த்துக் கண்டிப்பதுதான் பாவம்.

அடுத்தது கைப்பேசி. அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாதே என்பது யாத்திராகமம் 23-இன் முதல் வசனம். தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமானைப்போலத் தெரிவான், அயலான் வந்து சோதிக்கும்போதுதான் நிலவரம் தெரியும் என்கிறது நீதிமொழிகள் 18:17. அரை நிமிடக் காணொளி ஒன்று வந்தால் முழு உரையைத் தேடி, வெட்டப்பட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் என்ன பேசினார் என்று கேளுங்கள். தேதியைப் பாருங்கள், பழைய கலவரத்தின் படங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் புதுத் தலைப்போடு சுற்றுகின்றன. முதலில் வெளியிட்டவர் யார் என்று தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். அனுப்பியபின் பொய் என்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழிப்பது போதாது. எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில், அது தவறு என்று எழுத வேண்டும். "ஜெபத்துக்காகப் பகிர்கிறேன்" என்ற முன்னுரை பொய்ச்சாட்சியைச் சுத்திகரிக்காது!

சகோதரர்களுக்குள் சண்டை மூளுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தேவன் கட்டளையிட்டதையும், அதை நிறைவேற்ற நாம் சரியென்று நினைக்கும் வழியையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். தேர்தல் அறிக்கைகளைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வேதம் தெளிவாகச் சொல்வது: ஏழைக்கு நியாயம், பரிதானம் (லஞ்சம்) வாங்காமை, அந்நியனை ஒடுக்காமை, குற்றமற்ற இரத்தம் சிந்தாமை. வலப்பக்கம் வழிமுறைகள்: வரி எவ்வளவு, எந்தத் திட்டம், எந்தத் துறைக்கு முதலிடம். இடப்பக்கத்தை மீறுகிறவரை வசனத்தோடு கேள்வி கேட்கலாம். வலப்பக்கத்தில் வேறுபடுகிறவருடைய இரட்சிப்பைச் சந்தேகிக்க உங்களுக்கு அதிகாரமில்லை. ஆட்சியாளருக்காக வரி வசூலித்த மத்தேயுவும், செலோத்தே (வைராக்கியமுள்ளவன்) என்னப்பட்ட சீமோனும் இயேசுவின் பன்னிரு சீஷருக்குள் ஒன்றாக இருந்தார்கள். தாளை அறிக்கைக்கு முன் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு: பின்னால் எழுதினால், ஏற்கெனவே மனதில் தேர்ந்துவிட்டவருக்கு ஏற்றபடி பட்டியல் வளைந்துகொடுக்கும்.

இனி, தீர்க்கதரிசனம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "இன்னார் ஜெயிப்பார் என்று கர்த்தர் காட்டினார்" என்ற வார்த்தை பிரசங்க பீடங்களிலிருந்து தாராளமாக வருகிறது. எரேமியா 28-ஐ வாசியுங்கள். பாபிலோன் ராஜாவின் நுகம் உடைந்தது, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆலயத்தின் பணிமுட்டுகள் (பாத்திரங்கள்) இரண்டு வருஷத்துக்குள் திரும்ப வரும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆசாரியர் முன்னும் ஜனங்கள் முன்னும் அறிவித்தான். ஊருக்கு இனிப்பான செய்தி. எரேமியா என்ன செய்தான்? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றான். அவன் ஆசையும் அதுதான். ஆனால் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தை என்று அவன் சொல்லவில்லை. அனனியா பேசியது ஐந்தாம் மாதம்; அவன் செத்தது அதே வருஷம் ஏழாம் மாதம். பணிமுட்டுகளும் இரண்டு வருஷத்தில் வரவில்லை.

ஆகவே மூப்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் முடிவை வெளிப்பாடாக அறிவிக்க விரும்புகிறவரிடம் அதைத் தேதியோடு எழுதி வாங்கிப் பூட்டிவையுங்கள். நிறைவேறாவிட்டால், அதே சபையின் முன் அதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறைவேறாத வார்த்தை கர்த்தர் சொன்னதல்ல என்கிற உபாகமம் 18:22 இருக்கும்போது இது கடுமையான நிபந்தனை அல்ல. இப்படிச் சொன்னாலே பாதிப்பேர் வெளிப்பாட்டை வாபஸ் வாங்குவார்கள்.

வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால் வரவேற்று உட்கார வையுங்கள். பாவிகளுக்கு இடமுள்ள வீட்டில் வேட்பாளருக்கும் இடமுண்டு. மைக் மட்டும் வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், அப்போது ஆராதனையின் கதி என்ன? பொன்மோதிரம் போட்ட பணக்காரனுக்கு மட்டும் நல்ல இடம் கொடுப்பதை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டிப்பதை வாசலில் நிற்கும் உபசரிப்புக் குழுவும் ஒருமுறை படித்துவிட்டு நிற்கட்டும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1774 அக்டோபர் 6 அன்று, வாக்குரிமையுள்ள தம் சங்கத்தாரைக் கூட்டி மூன்று காரியங்களைச் சொன்னார். பணமோ பிரதிபலனோ வாங்காமல், தகுதியானவர் என்று கருதுகிறவருக்கு ஓட்டுப் போடுங்கள். நீங்கள் யாருக்கு எதிராக ஓட்டுப் போட்டீர்களோ அவரைப் பற்றித் தீமை பேசாதீர்கள். மறுபக்கம் ஓட்டுப் போட்டவர்கள்மேல் உங்கள் ஆவி கூர்மையாகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவதை வெளியிலிருந்து சோதிக்கலாம், இரண்டாவதைக் காதால் கேட்கலாம். மூன்றாவது உள்ளே நடப்பது, அதனால்தான் கடினம். அது தவறிவிட்டதற்கு அடையாளம், நற்கருணைக்கு வரும்போது ஒரு குறிப்பிட்ட ஆளைத் தவிர்த்து வேறு வரிசைக்கு நகர்வது. அப்படியானால், காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் மத்தேயு 5:23, 24-இன்படி முதலில் அவரிடம் போங்கள். போய் அரசியல் பேச வேண்டாம், நலம் விசாரித்தால் போதும்.

கடைசியாக, பொது ஜெபம். அதிகாரத்திலுள்ள எல்லாருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 2:1, 2. அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லி ரோமருக்குப் பவுல் நிருபம் எழுதியபோது அரியணையில் இருந்தவன், பிற்பாடு கிறிஸ்தவர்களை வதைத்த நீரோ, ஆகையால் "இவருக்காக எப்படி ஜெபிப்பது" என்று கேட்க நமக்கு இடமில்லை. "துன்மார்க்கரை வெட்கப்படுத்தும், ஆண்டவரே" என்று ஜெபிக்கிறவர் யாரைச் சொல்கிறார் என்பது பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பிரசாரம். பிரசார வாரங்களில் எல்லா வேட்பாளர்களையும் பெயர் சொல்லி, அகர வரிசையில், ஒரே அளவு வார்த்தைகளில் நினைவுகூருங்கள். முடிவுக்குப் பின்வரும் ஞாயிறுக்கான ஜெபத்தை, முடிவு வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஆளப்போகிறவருக்கு ஞானம், நேர்மை, ஏழைகள்மேல் கரிசனை, தோற்றவருக்குச் சமாதானம், எண்ணிக்கையில் உழைத்தவர்களுக்கு ஓய்வு. பெயருக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். எந்தப் பெயர் வந்தாலும் ஒரு வார்த்தையும் மாறக்கூடாது. அதை வாசித்து முடித்ததும், வழக்கம்போல் நோயாளிகளுக்கான ஜெபத்துக்குப் போங்கள்.