முதலில் குரல், அப்புறம் பறவை

நேயர்களுக்கு வணக்கம். பறவை பார்க்க வெளிநாடு போய்வருவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாடு என்றதும் பயந்துவிடாதீர்கள், நான் சொல்லப்போவது இலங்கை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு ரேடியோவில் சென்னையைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். அந்த அறிவிப்பாளர் நேரம் சொன்னால்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம். ஆக, அந்த நாட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு நாற்பது வருடம் முன்பே காதால் கேட்டுவிட்டேன். பறவையும் அப்படித்தான்: முதலில் குரல், அப்புறம்தான் பறவை. இதையே இன்று இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1964 புயலுக்கு முன்னால் கப்பல் ஓடியது. நாங்கள் போனது இலங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கொழும்புக்குப் பறந்துதான். சரி, பறவைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

எனக்குக் கிடைத்தது ஐந்து நாள். போக ஒன்று, வர ஒன்று, நடுவில் மூன்று. கூட வந்த என் மச்சான் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: கண்டி, நுவரெலியா, கதிர்காமம். "வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டு போய்விட்டு வருவோமே" என்றார். இந்த 'ஒரு எட்டு'தான் பயணத்தைக் கெடுக்கும். வரைபடத்தில் விரல்கடை தூரம் தெரியும், மலைப்பாதையில் அரை நாள் போய்விடும். ஒரே காடு, மூன்று நாளும் அங்கேதான் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காடு சிங்கராஜா. 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சேர்த்த மழைக்காடு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவைகள் பலவற்றை அங்கே பார்க்கலாம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மழை. அங்கே இரண்டு பருவமழையும் கொட்டும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போவது உத்தமம், நாங்கள் போனது மாசியில்.

நான் தேடிப்போனது ஒரு ஆந்தை. மைனாவைவிடச் சின்னது, காய்ந்த இலையின் நிறம். அதன் கதையைக் கேளுங்கள். 1995-இல் தீபால் வாரகாகொட என்ற இலங்கைப் பறவையியலாளர் இரவில் காட்டில் ஒரு குரலைக் கேட்கிறார். அவருக்குத் தெரிந்த எந்தப் பறவையோடும் அது பொருந்தவில்லை. பறவை கண்ணில் பட்டது 2001 ஜனவரியில். ஆறு வருடம் வெறும் குரல்தான்! 2004-இல் புதிய இனம் என்று அறிவித்து, சிங்கராஜாவை மரம்வெட்டிலிருந்து காக்கப் போராடிய திலோ ஹாஃப்மன் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அதனால் நான் வீட்டிலேயே இரண்டு மாதம் பாடம் படித்தேன். கைப்பேசியில் அந்தக் குரலைப் போட்டுப் போட்டுக் கேட்டேன், என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். ஒற்றை ஊதல், மெல்லியது, லேசாக நடுங்கும். ஊதிவிட்டு நிறுத்திவிடும், அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். இது பெரிய வித்தை இல்லை, உங்களுக்கே தெரிந்ததுதான். புரட்டாசி, ஐப்பசியில் நம் கொல்லைப்புறத்தில் விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கிறதே, ஆறுமணிக்குருவி, அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கேட்காதவர் உண்டா? வடக்கேயிருந்து வருகிறது அது. நம் கருவேலம் புதரில் இளைப்பாறிவிட்டு இலங்கை வரை போகும்.

சரி, ஆந்தைக்கு வருகிறேன். முதல் ராத்திரி தகரக் கூரையில் மழை, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது ராத்திரி மழை இல்லை, மச்சான் குறட்டை. எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்தேன். நாலரை மணி இருக்கும். கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது, தவளை கத்துகிறது. அதற்கு நடுவே அந்த ஊதல். ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொன்று, சரிவின் இடது பக்கம்.

காலையில் வழிகாட்டியிடம் திசையைச் சொன்னேன். வழிகாட்டி இல்லாமல் அந்தக் காட்டில் விடமாட்டார்கள். அந்தப் பையன் எங்களைப் பாதையில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பெரணிப் புதருக்குள் தனியாகத் துழாவினான். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றச் சொல்வதுபோல் சைகை காட்டினான், சத்தம் வேண்டாம் என்று அர்த்தம். இடுப்பு உயரத்தில் ஒரு மூங்கில் கொப்பு. அதில் சருகு மாட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பைனாகுலரைக்கூடத் தூக்கவில்லை. சருகு மெதுவாகத் தலையைத் திருப்பியது. மச்சான், நம்புவீர்களா, கதிர்காமத்தை மறந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

பைனாகுலர் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் கடற்கரையில் அதைத் தூக்கினால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். நான் பூநாரையைப் பார்ப்பதை நம்பவைக்க ஒரு நாள் முழு மத்தியானம் ஆனது. அந்தக் காட்டில் யாரும் கேட்கவில்லை.

செம்முகப் பூங்குயில் என்று இன்னொரு பறவை, அதுவும் இப்படித்தான், காதால் கிடைத்தது. அங்கே தவிட்டுக்குருவி இனம் ஒன்று கூட்டமாகக் கத்திக்கொண்டே போகும். கூடவே கரிச்சான். அந்தச் சந்தடியோடு மற்ற பறவைகளும் சேர்ந்து இரை தேடும். நாம் பறவையைத் துரத்த வேண்டாம், சந்தடியைக் கேட்டுவிட்டு ஓரிடத்தில் நின்றால் போதும், ஊர்வலம் தலைக்கு மேலே போகும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சி நடத்தும் அம்மா கையைக் காட்டுகிறார். செலவுக் கணக்கும், மன்னார்த் தீவுப் பறவைகளும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அட்டை கடிக்கும், முழங்கால் வரை தடித்த துணியில் காலுறை, கையில் உப்பு முடிச்சு. மச்சான் காலுறை போடவில்லை. ஊர் வந்து பத்து நாள் வரை சொறிந்துகொண்டிருந்தார். வணக்கம்.